வாசகர் கேள்வி – பதில்: சாலை இன்ஜினுக்கு ஏற்ற சிலிண்டர் ஹெட் எது?

வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, சிலிண்டர்களின் மேல் மூடியாக அமர்ந்து வால்வுகளையும் காற்று வந்து போகும் போர்ட்டுகளையும் தாங்கும் சிலிண்டர் ஹெட்டைப் பற்றியே கேட்கின்றன. ஒரே சந்தேகத்தைப் பலர் பலவிதமாக எழுதியிருப்பதால், அவற்றைச் சேர்த்துச் சுருக்கிக் கேள்விகளாக்கியிருக்கிறேன். எழுதியவர்களில் பலர் கட்டிக்கொண்டிருப்பது ஷெவ்ரோலே ஸ்மால் பிளாக் வி-8 இன்ஜின். 1955இல் 265 கன அங்குல அளவில் தொடங்கிய அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஹெட்டுகள் ஏராளம் என்பதால் குழப்பமும் ஏராளம். ஆகவே எடுத்துக்காட்டுகளை அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். இன்ஜின் வேறானால் எண்கள் மாறும், கணக்கு மாறாது.

கேள்வி: என்னிடம் உள்ள 350 கன அங்குல இன்ஜினுக்கு 0.030 அங்குலம் போர் (சிலிண்டரின் விட்டம்) ஏற்றி, தட்டையான தலை கொண்ட பிஸ்டன்கள் போட்டிருக்கிறேன். கார் அன்றாடம் சாலையில் ஓடக்கூடியது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்டது. இன்டேக் போர்ட் (காற்று உள்ளே வரும் வழி) 180, 195, 220 சிசி என மூன்று அளவுகளில் அலுமினிய ஹெட்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். பின்னாளில் சக்தியைக் கூட்ட நினைத்தால் உதவும், 220ஐயே வாங்கிவிடு என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களுக்கு 180 சிசி போதும். கேம்ஷாஃப்ட் சற்றுப் பெரியதாக இருந்து, இன்ஜினை நிமிடத்துக்கு 6000 சுற்றுக்கு மேலும் ஏற்றும் எண்ணம் இருந்தால் 195 வரை போகலாம். அதற்கு மேல் போனால் காசும் போகும், கார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இருக்க வேண்டிய இழுவையும் போகும்.

காரணத்தைச் சொல்கிறேன். போர்ட்டுக்குள் ஓடுகிற காற்றுக்கு எடை உண்டு, வேகம் உண்டு, ஆகவே உந்தமும் உண்டு. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டவுடன் இன்டேக் வால்வு மூடிவிடுவதில்லை. பிஸ்டன் மறுபடி ஏறத் தொடங்கி, கிராங்க் ஷாஃப்ட் மேலும் ஐம்பது, அறுபது பாகை திரும்பும் வரை அது திறந்தேதான் இருக்கும். அந்தச் சிறு இடைவெளியில், ஏறிவரும் பிஸ்டனை எதிர்த்துச் சிலிண்டருக்குள் காற்றைத் திணிப்பது போர்ட்டில் ஓடிவரும் காற்றின் உந்தம்தான். போர்ட் தேவைக்கு மேல் அகலமாக இருந்தால் காற்று மெதுவாக நகரும், மெதுவாக வரும் காற்றைப் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். கார்புரேட்டர் உள்ள இன்ஜினில் இன்னொரு கேடும் சேர்ந்துகொள்ளும். காற்றின் வேகம் குறைந்தால் பெட்ரோல் துளிகள் அதனோடு மிதந்து வராமல் போர்ட்டின் தரையில் படிந்து வழியும். மிதியை அழுத்தியதும் இன்ஜின் ஒரு கணம் தயங்கி, திணறி, அதன் பிறகு கிளம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதை எண்ணில் பார்க்கலாம். இன்டேக் போர்ட்டின் மிகக் குறுகிய இடம் பெரும்பாலும் வால்வைத் திறக்க உதவும் புஷ்ராடு என்ற தண்டுக்கு இடம் விடுவதற்காக ஒரு பக்கச் சுவர் உள்ளே தள்ளப்பட்டிருக்கும் பகுதியே. பிஸ்டன் தன் உச்ச வேகத்தில் இறங்கும் தருணத்தில், அந்தக் குறுகிய இடத்தில் காற்று நொடிக்கு ஏறத்தாழ 187 மீட்டர் வேகத்தை, அதாவது ஒலியின் வேகத்தில் பாதிக்குச் சற்று மேல், எட்டும்போது போர்ட் தன் பயனுள்ள எல்லைக்கு வந்துவிட்டது என்று கொள்வது இன்ஜின் கட்டுபவர்களிடம் நெடுநாளாக உள்ள வழக்கம். 4.030 அங்குல போர், 3.48 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட உங்கள் இன்ஜினுக்கு 6000 சுற்றில் அந்த எல்லை வர வேண்டுமானால் குறுகிய இடத்தின் பரப்பு சுமார் 1.95 சதுர அங்குலம் இருக்க வேண்டும். 2.4 சதுர அங்குலப் பரப்பு உள்ள பெரிய போர்ட்டைப் போட்டால் அதே வேகம் 7400 சுற்றை நெருங்கும்போதுதான் வரும். உங்கள் கேம்ஷாஃப்டும் கியர்பாக்ஸும் அந்தச் சுற்றை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. அங்கே கிடைக்கும் சக்திக்காக, தினமும் ஓடுகிற 2000 முதல் 4500 வரையிலான சுற்றை ஏன் பலிகொடுக்க வேண்டும்?

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் போடப்படும் சிசி என்பது போர்ட்டின் கொள்ளளவு, அகலம் அல்ல. நுழைவாயிலை மேலே உயர்த்தி வார்க்கப்பட்ட ஹெட்டில் போர்ட் நீளமாக இருக்கும், அதனால் அகலம் கூடாமலேயே சிசி கூடிவிடும். ஒரே வடிவமைப்பைச் சேர்ந்த இரண்டு ஹெட்டுகளை ஒப்பிடவே சிசி நம்பகமான அளவுகோல். வடிவமைப்பு வேறானால் குறுகிய இடத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பார்ப்பதே சரி.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம். முதன்முதலாக 350 ஒன்றைக் கட்டியபோது, பந்தய இன்ஜினிலிருந்து கழற்றியது என்று சொல்லி ஒருவர் விற்ற பெரிய போர்ட் ஹெட்டுகளை ஆசைப்பட்டு வாங்கிப் போட்டேன். போர்ட்டுக்குள் இரண்டு விரலைவிட்டால் தாராளமாகச் சுழற்றலாம், அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். ஓட்டிப் பார்த்தால், சிக்னலில் நின்று கிளம்பும்போது பக்கத்தில் நிற்கும் சாதாரணக் கார் முன்னே போய்விடும். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றினேன், ஸ்பார்க் டைமிங்கை மாற்றினேன், எதுவும் பலிக்கவில்லை. கடைசியில், கார்புரேட்டரிலிருந்து ஹெட்டுக்குக் காற்றைக் கொண்டுவரும் மேனிஃபோல்டைக் கழற்றியபோது போர்ட்டின் தரை நெடுக, பெட்ரோல் வழிந்து காய்ந்த கறை மண்ணிறக் கோடாகப் படிந்திருந்தது. அதே கேம்ஷாஃப்டை வைத்துக்கொண்டு சிறிய போர்ட் ஹெட்டுகளை மாட்டிய பிறகுதான் கார் கார் போல ஓடியது.

பின்னாளில் உதவும் என்ற வாதத்துக்கு வருவோம். பின்னாளில் 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க் போட்டு 383 ஆக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் இன்ஜின் இழுக்கும் காற்று கூடும். அப்போது 195 முதல் 210 வரை பொருத்தமாக இருக்கும். அந்த எண்ணம் உறுதியாக இருந்தால் 195ஐ இப்போதே வாங்கிவைக்கலாம். வெறும் ஆசையாக இருந்தால் 180.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் பட்டியலில் 0.600 அங்குல லிஃப்டில் (வால்வு திறக்கும் உயரம்) இன்டேக் 262 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி) என்றும், இன்னொன்றில் 248 என்றும் போட்டிருக்கிறது. என் கேம்ஷாஃப்டின் லிஃப்ட் 0.470 அங்குலம், வேண்டியது 400 குதிரைத்திறன். முதலாவதைத் தேர்ந்தெடுப்பதுதானே சரி?

பதில்: இரண்டையும் ஒரே பெஞ்சில், ஒரே முறையில் அளந்திருந்தால் பேசலாம். ஃப்ளோ பெஞ்ச் என்பது ஹெட்டின் வழியே குறிப்பிட்ட அழுத்த வேறுபாட்டில் காற்றை இழுத்து, நிமிடத்துக்கு எத்தனை கன அடி போகிறது என்று காட்டும் கருவி. இன்று பெரும்பாலும் 28 அங்குல நீர்மட்ட அழுத்தத்தில் அளக்கிறார்கள். அழுத்தம் மாறினால் எண் மாறும்: 10 அங்குலத்தில் எடுத்த எண்ணை 28 அங்குலத்துக்கு மாற்ற ஏறத்தாழ 1.67 ஆல் பெருக்க வேண்டும். ஹெட்டின் கீழே பொருத்தும் குழாய் உங்கள் சிலிண்டரின் விட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால், வால்வின் ஓரத்தைச் சிலிண்டர் சுவர் மறைப்பது குறைந்து எண் கூடுதலாகக் காட்டும். போர்ட் வாயில் களிமண்ணால் வளைவு செய்து வைத்தார்களா, எக்ஸாஸ்ட் பக்கம் குழாய் மாட்டி அளந்தார்களா என்பதும் எண்ணை அசைக்கும். 262க்கும் 248க்கும் உள்ள வித்தியாசம் இவற்றுக்குள்ளேயே காணாமல் போய்விடக்கூடியது.

அதைவிட முக்கியமாக, உங்கள் கேம்ஷாஃப்டின் லிஃப்ட் எவ்வளவு? நீங்கள் எழுதியிருப்பது 0.470 அங்குலம். உங்கள் வால்வு 0.600ஐத் தொடப்போவதே இல்லை. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள்: வால்வு ஒருமுறை திறந்து மூடும்போது உச்ச லிஃப்டை ஒரே ஒருமுறைதான் தொடுகிறது, 0.200, 0.300, 0.400 ஆகிய இடங்களையோ ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை என இருமுறை கடக்கிறது. சாலை இன்ஜினுக்கு ஹெட் தேர்ந்தெடுப்பவர் பட்டியலின் கடைசி வரியை விரலால் மறைத்துவிட்டு நடு வரிகளைப் படிக்க வேண்டும். 0.300லும் 0.400லும் 248 ஹெட் முந்தினால் அதுவே உங்கள் ஹெட். அந்த நடு லிஃப்டுகளில் முந்துவது பெரும்பாலும் போர்ட்டின் அளவால் அல்ல, வால்வு வந்து அமரும் சீட்டும் அதற்குச் சற்று மேலே உள்ள கிண்ணப் பகுதியும் எவ்வளவு நேர்த்தியாக வெட்டப்பட்டிருக்கின்றன என்பதால். 30, 45, 60 பாகைகளில் மூன்று கோணமாகச் சீட் வெட்டுவதன் பயனும் அங்கேதான் தெரியும்.

எவ்வளவு சிஎஃப்எம் தேவை என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 28 அங்குல அழுத்தத்தில் அளந்த இன்டேக் எண்ணை 0.257 ஆலும் சிலிண்டர் எண்ணிக்கையாலும் பெருக்கினால், எல்லாம் ஒத்துவந்த இன்ஜினில் எதிர்பார்க்கக்கூடிய உச்சக் குதிரைத்திறன் வரும். எட்டு சிலிண்டருக்கு ஒரு சிஎஃப்எம்முக்கு 2 குதிரைத்திறன் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்பது 400 குதிரைத்திறன். கணக்குப்படி 200 சிஎஃப்எம் போதும். மேனிஃபோல்டு, ஏர் ஃபில்டர், சைலன்சர் என்று சாலைக் காரில் வரும் தடைகளுக்காகக் கொஞ்சம் சேர்த்து 220, 230 வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒப்பிடும் இரண்டு ஹெட்டுகளுமே தேவைக்கு மேலே இருக்கின்றன. அப்படியிருக்க, சிறிய போர்ட்டில் அந்த எண்ணைத் தருவது எதுவோ அதை எடுங்கள். எக்ஸாஸ்ட் எண் இன்டேக் எண்ணில் நான்கில் மூன்று பங்கு அளவில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 0.030 அங்குலம் போர் ஏற்றிய என் 350இல் இப்போது இருப்பது 76 சிசி சேம்பர் (கலவை எரியும் குழி) கொண்ட பழைய இரும்பு ஹெட். கம்ப்ரெஷனை (கலவை நசுக்கப்படும் விகிதத்தை) ஏற்ற 58 சிசி ஹெட் போடலாம் என்றிருக்கிறேன். நாக்கிங் வருமா?

பதில்: ஹெட்டை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கூட்டிப் பார்ப்போம். உங்கள் இன்ஜினில் ஒரு பிஸ்டன் ஒரு ஸ்ட்ரோக்கில் கடக்கும் கொள்ளளவு சுமார் 727 சிசி. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடத்தில் நான்கு பகுதிகள் உண்டு. ஹெட்டின் சேம்பர் ஒன்று. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் வைக்கும் 0.041 அங்குல கேஸ்கட்டின் தடிமன் இன்னொன்று, அது ஏறத்தாழ 9 சிசி. பிஸ்டன் தலையில் வால்வுக்காக வெட்டப்பட்ட பள்ளம் 5 சிசி. பிளாக்கின் மேற்பரப்பை எட்டாமல் பிஸ்டன் 0.025 அங்குலம் கீழே நிற்பதால் வருவது இன்னொரு 5 சிசி. 76 சிசி சேம்பருக்குக் கூட்டினால் 95. அதோடு 727ஐக் கூட்டி 95ஆல் வகுத்தால் விகிதம் 8.65. அதையே 64 ஆக்கினால் 9.75. நீங்கள் கேட்கும் 58க்குப் போனால் 10.4.

இந்த 10.4 என்ற எண்ணைவிட எனக்கு அதிகக் கவலை தருவது 0.025 என்ற எண்தான். சேம்பரில் கிண்ணம் இல்லாத தட்டைப் பகுதியும் பிஸ்டனின் தட்டைப் பகுதியும் உச்சியில் ஒன்றையொன்று நெருங்கும்போது இடையில் உள்ள கலவை பிதுங்கி, ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கம் பீய்ச்சி அடிக்கும். கலவை நன்றாகக் கலங்கி விரைவாக எரிவதற்கும், மூலையில் தேங்கிய கலவை தானாக வெடித்து நாக்கிங் வராமல் இருப்பதற்கும் அந்தப் பிதுக்கம் பெரிதும் உதவுகிறது. அது நன்றாக வேலை செய்ய இடைவெளி 0.035 முதல் 0.045 அங்குலம் வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரை ஒட்டி, இருக்க வேண்டும். உங்கள் இன்ஜினிலோ கேஸ்கட் 0.041, பிஸ்டன் கீழே நிற்பது 0.025, மொத்தம் 0.066. இது பிதுக்கமும் இல்லாத, திறந்த இடமும் இல்லாத நிலை. இதன் மேல் 58 சிசி ஹெட்டைப் போட்டால் விகிதம் ஏறும், நாக்கிங்கும் கூடவே வரும்.

பிளாக்கின் மேற்பரப்பைச் சீவி, பிஸ்டன் உச்சியில் பிளாக்கோடு சமமாக வந்து நிற்கும்படி செய்யுங்கள். அப்போது இடைவெளி கேஸ்கட்டின் 0.041 மட்டுமே. 70 சிசி சேம்பரோடு விகிதம் 9.7க்கு அருகில் வரும், 64 சிசியோடு 10.3. இரும்பு ஹெட்டானால் முதலாவதையும், அலுமினிய ஹெட்டும் உயர் ஆக்டேன் பெட்ரோலும் என்றால் இரண்டாவதையும் நான் தேர்ந்தெடுப்பேன். 58ஐ நாட வேண்டிய அவசியமே இராது.

பட்டியலில் 64 என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பெட்டியிலிருந்து எடுத்த புது ஹெட்டுகளிலும் ஒன்றிரண்டு சிசி வித்தியாசம் இருக்கும். அளப்பது எளிது. ஹெட்டைக் கவிழ்த்துச் சேம்பர் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, ஸ்பார்க் பிளக்கையும் வால்வுகளையும் பொருத்தி, சேம்பரின் விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூசி, சிறு துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் அழுத்துங்கள். துளை மேடான பக்கம் இருக்கும்படி ஹெட்டைச் சற்றே சாய்த்துவையுங்கள். ஆய்வகத்தில் பயன்படுத்தும் பியூரெட்டிலிருந்து நிறம் கலந்த ஸ்பிரிட்டைத் துளை வழியே விடுங்கள். கடைசிக் காற்றுக் குமிழி துளையை நோக்கி ஊர்ந்து வந்து மறையும் அந்த இடத்தில் நிறுத்தி, பியூரெட்டைப் படியுங்கள். எட்டு சேம்பர்களுக்கும் ஒரு மாலைப் பொழுது போதும். அளக்கும்போது வால்வின் ஓரமாகப் போர்ட்டுக்குள் கசிவு தெரிந்தால், அந்த வால்வு சீட்டில் சரியாக அமரவில்லை என்ற செய்தியும் இலவசமாகக் கிடைக்கும்.

கேள்வி: அலுமினியமா, வார்ப்பிரும்பா? இரும்பு ஹெட்டில் வெப்பம் தங்குவதால் சக்தி அதிகம் என்கிறார்களே?

பதில்: மற்ற எல்லாம் ஒன்றாக இருந்தால் இரும்புக்குச் சிறு சாதகம் உண்டு என்பது கொள்கையளவில் சரி. ஆனால் மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லையே. அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்திக் குளிர்நீரிடம் சேர்த்துவிடுவதால், அதே பெட்ரோலில் விகிதத்தை அரை முதல் ஒரு புள்ளி வரை கூடுதலாக வைத்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. இழந்தது அதில் திரும்பி வந்துவிடும். எடையும் ஏறத்தாழ பாதி. ஹெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு பானெட்டுக்கு மேல் குனிந்து நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்! போர்ட்டில் தவறி ஓட்டை போட்டுவிட்டாலும் வெல்டிங் வைத்துச் சரிசெய்ய அலுமினியமே எளிது.

அலுமினியம் கேட்கும் கவனமும் உண்டு. சூடாகும்போது அது இரும்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரியும். இரும்பு பிளாக்கின் மேல் அது ஒவ்வொரு முறையும் நகர்ந்து அமர்வதைத் தாங்கக்கூடிய கேஸ்கட்டையே போட வேண்டும். போல்ட்டுகளுக்குக் கீழே கெட்டியூட்டப்பட்ட வாஷர் அவசியம். ஸ்மால் பிளாக்கில் ஹெட் போல்ட்டுகள் குளிர்நீர் ஓடும் அறைக்குள் இறங்குவதால், மரையில் சீலண்ட் தடவாமல் முடுக்கினால் நீர் மரை வழியே மேலே ஏறி வரும். இந்த ஒரு சோம்பலால் புது ஹெட்டைத் திரும்பக் கழற்றியவர்கள் பலர். இன்ஜின் ஒருமுறை கடுமையாகச் சூடேறிவிட்டால் அலுமினிய ஹெட் வளையும், இரும்பு ஹெட்டில் விரிசல் விடும். இரண்டுமே செலவுதான்.

கேள்வி: கைக்கு அடக்கமான செலவில் முடிக்க வேண்டும். பழைய இரட்டைத் திமில் ஹெட் ஒரு ஜோடியும், 1990களின் வோர்டெக் ஹெட் ஒரு ஜோடியும் கிடைக்கின்றன. எதை எடுக்கலாம்?

பதில்: ஒரிஜினல் தோற்றத்தை மீட்க நினைக்கும் பழைய காருக்கு என்றால் இரட்டைத் திமில், ஓட்டத்துக்கு என்றால் வோர்டெக். முனையில் இரண்டு மேடுகளாக வார்க்கப்பட்ட அந்த 1960களின் ஹெட்டுகள் அவற்றின் காலத்தில் பேர் பெற்றவை என்பதில் ஐயமில்லை. இன்று அவற்றை வாங்குபவர் ஈயம் கலக்காத பெட்ரோலுக்காக எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கெட்டியான சீட் வளையம் பதிக்க வேண்டும், வால்வுத் தண்டைத் தாங்கும் கைடுகள் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். 1969க்கு முந்தையவற்றில் ஆல்டர்னேட்டர் போன்றவற்றை மாட்டுவதற்கான துளைகளும் முனையில் இராது. எல்லாம் செய்து முடித்தபின் கூட்டிப் பார்த்தால் புது ஹெட் வாங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

வோர்டெக் 1996இல் 5.7 லிட்டர் டிரக் இன்ஜின்களில் வந்தது. 64 சிசி சேம்பர், சுமார் 170 சிசி இன்டேக் போர்ட், 1.94 அங்குல இன்டேக் வால்வு. பார்வைக்குச் சாதாரண இரும்பு. ஆனால் சேம்பரின் வடிவம் கலவையை விரைவாக எரிய வைப்பதால், பழைய ஹெட்டுக்கு 36, 38 பாகை டைமிங் கேட்ட இன்ஜின் இதில் 32, 34இலேயே திருப்தி அடையும். வாங்குவதற்கு முன் மூன்றைக் கவனியுங்கள். இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட் அமைப்பே வேறு: பழையதில் பன்னிரண்டு, இதில் எட்டு. ஆகவே மேனிஃபோல்டும் புதிதாக வாங்க வேண்டும். 0.450 அங்குல லிஃப்டைத் தாண்டினால் வால்வு ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிட்டெய்னர் கைடு சீலின்மேல் இடிக்கும் ஆபத்து நெருங்கிவிடும், கைடின் தலையைச் சீவாமல் பெரிய கேம்ஷாஃப்ட் போட முடியாது. எக்ஸாஸ்ட் சீட்டுகளை ஒட்டி விரிசல் விடும் வழக்கமும் இந்த வார்ப்புக்கு உண்டு. விற்பவர் நல்லவரா என்று பார்ப்பதைவிடப் பட்டறையில் கொடுத்து விரிசல் சோதனை செய்து பார்ப்பது பாதுகாப்பானது.

கேள்வி: ஹெட்டோடு பொருத்தி வரும் வால்வு ஸ்பிரிங்கை அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: கேம்ஷாஃப்ட் தயாரிப்பாளர் தரும் குறிப்போடு அது ஒத்துப்போனால் மட்டும். ஹைட்ராலிக் தட்டை லிஃப்டர் (கேம்ஷாஃப்டின் மேடு தள்ளும் உருளை) கேம்ஷாஃப்டுக்கு வால்வு மூடிய நிலையில் 110 முதல் 130 பவுண்டு அழுத்தம் வழக்கம், லிஃப்டரின் அடியில் சக்கரம் உள்ள ரோலர் கேம்ஷாஃப்டுக்கு இன்னும் கூடுதல் வேண்டும். ரோலருக்கு என்று பொருத்தப்பட்ட கடினமான ஸ்பிரிங்கைத் தட்டை லிஃப்டரின் மேல் வைத்தால், புது கேம்ஷாஃப்டின் மேடு முதல் அரைமணி நேரத்திலேயே தேய்ந்து போகக்கூடும். மென்மையான ஸ்பிரிங்கை ரோலரின் மேல் வைத்தாலோ உயர் சுற்றில் வால்வு கட்டுக்கு அடங்காமல் மிதக்கும். உச்ச லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுவதற்கு 0.060 அங்குலமாவது மிச்சம் இருக்கிறதா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: 5.3 லிட்டர் எல்எஸ் வகை (ஷெவ்ரோலேயின் பிற்கால வி-8 குடும்பம்) டிரக் இன்ஜினில் எல்எஸ்3 ஹெட் மாட்டினால் நல்ல சக்தி வருமாமே?

பதில்: மாட்டவே முடியாது. எல்எஸ்3 இன்டேக் வால்வு 2.165 அங்குலம், அதற்குக் குறைந்தது 4.00 அங்குல போர் வேண்டும். உங்கள் 5.3இன் போர் 3.78 அங்குலம்தான், வால்வு சிலிண்டர் சுவரில் போய் இடிக்கும். 5.7 லிட்டர் எல்எஸ்1இன் போரும் 3.898தான் என்பதால் அதற்கும் ஆகாது. உயரமாக, மேலே குறுகிய இன்டேக் போர்ட் கொண்ட பழைய எல்எஸ் வகை ஹெட்டுகளில் 243 என்ற வார்ப்பு எண் உள்ளதைத் தேடுங்கள். 5.3க்கு அதன் 2.00 அங்குல வால்வே தாராளம். அதன் சேம்பர் உங்கள் ஹெட்டின் 61 சிசியைவிடச் சற்றுப் பெரியது என்பதால் விகிதம் கொஞ்சம் இறங்கும், ஹெட்டின் அடிப்பரப்பை அளவாகச் சீவி ஃபேஸிங் செய்தால் அதை மீட்டுவிடலாம்.

கேள்வி: வீட்டிலேயே போர்ட்டிங் (போர்ட்டைக் குடைந்து திருத்துவது) செய்யலாமா? போர்ட்டைக் கண்ணாடி போலப் பாலீஷ் போட வேண்டுமா?

பதில்: இன்டேக்கில் கண்ணாடிப் பாலீஷ் வேண்டாம், பெட்ரோல் படிவதற்குத்தான் அது வழி செய்யும். எக்ஸாஸ்ட் பக்கம் கரி ஒட்டாமல் இருக்க வழவழப்பு உதவும். கிரைண்டரைக் கையில் எடுத்தால் வார்ப்பின் பிசிறுகளையும், சீட்டை ஒட்டிய கிண்ணத்தில் துருத்தி நிற்கும் விளிம்பையும் மட்டும் எடுங்கள். போர்ட்டின் தரை வால்வை நோக்கி வளைந்து திரும்பும் இடத்தைத் தொடாதீர்கள். நல்ல ஹெட்டுகள் கெட்டுப்போவது அங்கேதான்.

கேள்வி: ஹெட்டை மாட்டுவதற்கு முன் வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: பிஸ்டன் தலையில், வால்வுப் பள்ளங்களின் மேல், விரல் தடிமனுக்குக் களிமண் வைத்து, அதன்மேல் லேசாக எண்ணெய் தடவுங்கள். பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை மாட்டி, அந்தச் சிலிண்டருக்கு மட்டும் வால்வை அழுத்தும் ராக்கர்களைப் பொருத்தி, கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று மெதுவாகத் திருப்புங்கள். ஹைட்ராலிக் லிஃப்டர் அமுங்கி உங்களை ஏமாற்றிவிடும் என்பதால் சோதனைக்கு மட்டும் அந்த இரண்டு லிஃப்டர்களையும் அமுங்காதவையாக மாற்றிக்கொள்ள வேண்டும். கேஸ்கட் ஏற்கெனவே நசுங்கியதாக இருந்தால்தான் அளவு சரியாக வரும். திருப்பும்போது எங்காவது முட்டினால் பலம் கொடுக்காமல் நிறுத்திவிடுங்கள். ஹெட்டைக் கழற்றினால் இரண்டு வால்வுகளின் தடமும் களிமண்ணில் பிறை வடிவில் பதிந்திருக்கும். தடத்தின் மிக மெல்லிய இடத்தில் கத்தியால் குறுக்கே வெட்டி அளந்து பாருங்கள்: இன்டேக்கில் 0.080 அங்குலம், எக்ஸாஸ்டில் 0.100 அங்குலம் இருந்தால் களிமண்ணைத் துடைத்துவிட்டுப் புது கேஸ்கட்டை எடுக்கலாம்.